ஒட்டு விழுந்த ஞாயிறு

மழை பெய்தால் பந்தியில் ஆள் காணாமல் போகிறது என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டதால்தான் ஒட்டு என்ற ஒன்று வந்தது. அது வந்தபோது நானும் கை தட்டினேன். அதனால் இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறேன், என்னையும் சேர்த்துத்தான்.

பந்தி என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாக இருப்பவர்கள் சேர்ந்து சாப்பிடுவதற்கென்று சென்னையில் ஒரு கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்தது. அதன் பெயரே 'ஒரேபந்தி'. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் ஜன்னல் அகலத்துக்கு ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போவார்கள். நேரத்துக்கு இலையைப் போட்டு உட்கார்ந்தால் நம் மேசை அந்தப் பலகைக்குள் நீண்டுபோய், அங்கே மற்றவர்கள் அவரவர் இலையோடு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து இலையில் அப்பளம் நொறுங்குவது வரைக்கும் கேட்கும். ஊறுகாயை நீட்டினால் வாங்கிக்கொள்ள முடியாது, அது ஒன்றுதான் குறை.

நான் மரகதவல்லி, மதுரை. ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஓய்வு பெற்றவள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "வெயிட்டிங் லிஸ்ட் கிளியர் ஆகலைங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். வாய்த்துடுக்கு எனக்குக் கொஞ்சம் அதிகம். கவுண்டரில் இருந்தவளுக்கு அது இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது.

எங்கள் பந்தியில் நான்கு பேர். ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்து ஓய்ந்த பத்ருதீன் பாய். மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பெண் ரெஜினா. நான். அப்புறம் தென்காசி ஆறுமுகநயினார். மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்தவர், மனைவி தவறிப் பல வருஷம் ஆயிற்று, ஒரே மகள் பாகீரதி மெல்போர்னில். கம்பெனிக்காரர்கள் குலுக்கிப் போட்டுச் சேர்த்துவிட்ட நான்கு பேர். முன்பின் ஒருவரையொருவர் தெரியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தோம். நயினார்தான் வாயைத் திறந்தார். "எல்லாரும் இப்படி உம்முன்னு இருந்தா சோறு எறங்குமா? அம்மா, உங்க எலையில கெடக்கது என்னது? கத்திரிக்காயா, கரிக்கட்டையா?"

முதல் நாளே என் சமையலைக் குறை சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? "கண்ணாடியைத் தொடச்சிட்டுப் பாருங்க. திருநெல்வேலிக்காரங்களுக்கு அல்வாவைத் தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாதோ?" என்றேன். ரெஜினாவுக்குப் புரையேறியது. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சுதான், பிறகு வருஷக்கணக்கில் நிற்கவில்லை.

பாய்க்குக் கண் ஆபரேஷன் ஆனபோது எந்தச் சொட்டு மருந்து எப்போது என்று ரெஜினா மஸ்கட்டிலிருந்து பாடம் நடத்தினாள். ரெஜினாவின் மகன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைப் பார்க்க முடியவில்லை என்று அவள் அழுத அன்று, நாங்கள் மூன்று பேரும் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தோம். உறவுக்காரர்கள் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் வருவார்கள். இவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார்கள்.

எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் இலையை மடித்து எழுந்திருக்கக் கூடாது. நிஜப் பந்தியில் உள்ள மரியாதைதான். அந்தக் கடைசி ஆள் எப்போதும் நயினார். அவருக்குப் பேச்சுதான் சாப்பாடு, சோறு தொட்டுக்கொள்ள. "மழை பெஞ்சு ஓஞ்சாலும் இவருக்கு மோர்ச்சோறு வராது" என்று நான் கரித்துக்கொட்டுவேன். உள்ளுக்குள் அந்த மோர்ச்சோறு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகட்டும் என்றிருக்கும்.

மழை பெய்தால் லைன் அறுந்துவிடும். ஒருத்தர் வாயைத் திறந்தபடி, கவளம் அந்தரத்தில் நிற்க, அப்படியே உறைந்துபோவார். பந்தி கெட்டுவிடும். இதற்குக் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்ததுதான் ஒட்டு. நாம் இத்தனை ஞாயிறாகப் பேசியது, சிரித்தது, தலையாட்டியது எல்லாவற்றையும் அந்தப் பலகை கற்றுவைத்துக்கொள்ளும். லைன் அறுந்தால் நம் முகத்தையும் குரலையும் அதுவே போட்டு, நாம் என்ன சொல்வோமோ அதைச் சொல்லிச் சமாளிக்கும். கிழிந்த வேட்டியில் ஒட்டுப் போடுவதுபோல. லைன் திரும்பியதும் நாமே பேச ஆரம்பிப்போம். இடையில் நடந்தது யாருக்கும் தெரியாது.

ஆரம்பத்தில் ஒட்டு விழுந்தால் அந்த ஆளின் முகத்தோரம் ஒரு மஞ்சள் பொட்டு எரியும். அது பாய்க்குப் பிடிக்கவில்லை. "எலையில ஒக்காந்து சாப்புட்டுனு இருக்கிற மனுஷனைப் பாத்து, நீ இங்க இல்லேன்னு சொல்றா மாதிரி இருக்குதும்மா. அது மரியாதை இல்ல" என்றார். எங்கள் நாலு பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பொட்டை எடுத்துவிடும்படி கம்பெனிக்குச் சொன்னோம். எங்களைப்போலவே மற்றப் பந்திக்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள். எடுத்துவிட்டார்கள். சாம்பாரில் உப்பு சரியா, ஊரில் மழை உண்டா என்கிற பேச்சுக்கு யார் பதில் சொன்னால் என்ன என்று இருந்துவிட்டோம்.

நயினார் என்னிடம் ஜாடைமாடையாகச் சில தடவை பேசியிருந்தார். "வீடு பெருசா கெடக்கு. பேச ஒரு ஆளு இருந்தா நல்லாருக்கும்" என்பார். "ரேடியோ வாங்கி வச்சுக்கங்க" என்பேன். இந்த வயதில் எதற்கு இந்த வேலை, ஊர் சிரிக்காதா என்கிற பயம்தான். பயத்தைக் கிண்டலில் போட்டு மூடிவைத்தேன்.

அந்த ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சுடுதண்ணீர் வைக்க எழுந்தவள் தலைசுற்றி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தபோது ஒரே ஒரு முகம்தான் வந்தது. அந்த முகம் எங்கோ தென்காசியில் இருந்தது. நான் அழுதேன். காய்ச்சலுக்காக அழவில்லை என்பது எனக்கே நன்றாகத் தெரிந்தது.

காய்ச்சல் விட்ட பிறகு வந்த ஞாயிறு, பந்தியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ரம்ஜான் நோன்பு என்பதால் பாய் வரவில்லை. ரெஜினாவுக்கு டியூட்டி. மதுரையில் இடி இடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போய், இன்வெர்ட்டரில் பலகை எரிந்தது. ரசத்தை ஊற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

"நயினார், நான் தென்காசிக்கே வந்துரட்டுமா? உங்களுக்குச் சம்மதம்னா."

அவர் இலையையே பார்த்தார். சோற்றைப் பிசைந்தார். பிறகு சிரித்தார். "வாங்க. வாங்களேன். இதக் கேக்கதுக்கு உங்களுக்கு இம்புட்டு நாளா?"

எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. "மத்ததை நேர்ல பேசிக்குவோம்" என்று சொல்லி, முதல் தடவையாக அவருக்கு முந்தி இலையை மடித்துப் பலகையை அணைத்துவிட்டேன். கிழவிக்கு வந்த வாழ்வைப் பாரு என்று கண்ணாடியில் என்னை நானே கேலி செய்துகொண்டேன். சாயங்காலம் ஒரு ஃபோன் செய்திருக்கலாம். வெட்கம் விடவில்லை. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டேன். காலமெல்லாம் பிறத்தியாருக்குப் போட்டுக் கொடுத்தவள், எனக்கென்று ஆசையாகப் போட்டது அந்த ஒரு டிக்கெட்தான்.

திங்கட்கிழமை காலையில் ரெஜினா கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த நயினார் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்திருக்கிறது. எங்களிடம் அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போனேன். ஆம்பூரிலிருந்து பாய் நோன்போடு வந்திருந்தார். நாங்கள் மூவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது அன்றுதான், அதில் ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள். பாகீரதி மெல்போர்னிலிருந்து வந்து இறங்கினாள். "நான் மரகதவல்லிம்மா, பந்தியில..." என்று ஆரம்பித்தேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அப்பாவைப் பறிகொடுத்த பெண், அலுப்பு, அழுகை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போனதை எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தேன். "வாங்களேன்" என்று அவர் சொன்னது கையில் இருந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்றிருந்தேன். அதையும் ரெஜினா ஒருநாள் ஒரு கேள்வியால் அசைத்துவிட்டாள், பாவம், கெட்ட எண்ணத்தில் இல்லை. "அக்கா, அன்னைக்கு மதுரையில அவ்வளவு மழைன்னு சொன்னீங்களே. லைன் இருந்துச்சா?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாயிற்று. பொட்டுதான் இல்லையே, எப்படித் தெரியும்? என்னிடம் "வாங்க" என்றது நயினாரா, நயினாரைப்போலப் பேசிய பலகையா? சோறு இறங்கவில்லை. கம்பெனியைக் கேட்டால், இறந்தவர் பேசியதைக் குடும்பத்தார் வந்தால்தான் காட்டுவோம் என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பாகீரதியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சு நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"எனக்கு அது வேணும்மா."

"ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னால சென்னையில ரெண்டு நாள் இருப்பேன். வாங்க, போவோம்." அந்தக் குரலில் ஈரமே இல்லை.

கம்பெனி ஆபீஸில் எங்களை உட்கார வைத்துப் பேசியவன் நிவேதன் என்கிற இன்ஜினீயர். பணிவான பையன். என்ன தெரிய வேண்டும் என்று கேட்டான். சொன்னேன். திரையில் எதையெதையோ தள்ளிப் பார்த்தான்.

"மேடம், சார் பக்கம் அன்னைக்கு லைன் கட் ஆகவே இல்ல. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அவர்தான் இருந்திருக்கார். ஒட்டு விழல."

அப்படியென்றால் அவர்தான். அந்த "வாங்க" அவர் சொன்னதுதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பாகீரதி கோபமாகத் திரும்பினாள். "இப்ப எதுக்கு அழறீங்க? உங்களுக்கு எதுக்கு அழுகை?"

நிவேதன் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "மேடம், ஒரு நிமிஷம். கட் ஆனது உங்க பக்கம்."

"புரியலை தம்பி."

"மழையில உங்க வீட்டு லைன் போயிருக்கு. சாப்பாடு பாதியில இருக்கும்போது போனது, அப்புறம் வரவே இல்ல. அந்த மாதிரி ஆனா, உங்களுக்குத் தெரியற மத்தவங்களை உங்க பலகையே போட்டுக் காட்டும். மத்தவங்களுக்குத் தெரியற உங்களை நாங்க இங்கேர்ந்து போடுவோம்."

"அப்ப நான் பேசிட்டிருந்தது?"

"சாரோட ஒட்டுகிட்ட."

"அவர் யார்கிட்ட பேசிட்டிருந்தாரு?"

"உங்க ஒட்டுகிட்ட மேடம்."

பாகீரதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "இருங்க. அன்னைக்கு அப்பாகிட்ட பேசுனது இவங்க இல்லையா?"

"இல்ல மேடம்."

"அதைப் போடுங்க" என்றாள்.

நிவேதன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். நயினார் திரையில் வந்தார். அதே சட்டை, அதே இலை. எதிரே நான் உட்கார்ந்திருந்தேன், அன்றைக்கு நான் கட்டியிருந்த பச்சைச் சேலையில். நான் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

"மரகதம்" என்றார். அம்மா சேர்க்காமல் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பாயும் அந்தப் பிள்ளையும் இல்லாத நாளு பாத்துக் கேக்கணும்னுதான் இருந்தேன். நா மதுரைக்கு வந்துருதேன். நீங்க ஊரு விட்டு வர யோசிப்பிய, எனக்குத் தெரியும். உங்க தெருவுலயே ஒரு வீடு பாத்துக்கிடுதேன். ஊரு பேசுனா பேசட்டும், நாலு நாள் பேசும். மிச்ச காலம் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். என்ன சொல்லுதிய?"

எதிரே இருந்த நான் சிரித்தேன். என் சிரிப்புதான். கவுண்டரில் சில்லறை இல்லாதவனைப் பார்த்துச் சிரிப்பேனே, அதே சிரிப்பு. "நயினார், சும்மா இருங்க. இந்த வயசுல இது என்ன பேச்சு? வாரத்துல ஒரு வேளை நல்லா சாப்புடுறோம், அதைக் கெடுத்துக்காதீங்க. ரசம் ஆறுது பாருங்க."

"அதுவும் சரிதான்" என்றார். பிறகு ரசச்சோற்றை முழுக்கச் சாப்பிட்டார், மோர் விட்டும் சாப்பிட்டார். அன்றைக்கு அவர்தான் முதலில் முடித்தார். எதிரே இருந்தது இன்னும் முடிக்கவில்லை. கட்டுப்பாடு இருக்கிறதே. காய்ந்த கையோடு அது முடிக்கும் வரை அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் இலையை மடித்தார்.

நான் எழுந்துவிட்டேன். மேசையைத் தட்டிக் கத்தினேன் என்று பிறகு பாகீரதி சொன்னாள். "சாம்பார் நல்லாருக்குன்னு சொல்றதுக்குத்தானேய்யா இதை வச்சீங்க. மனுஷன் வாழ்க்கையைக் கேக்கிறான், அதுக்கும் இதுவே பதில் சொல்லுமா?"

"அதுக்கு எது பெரிய கேள்வி, எது சின்ன கேள்வின்னு தெரியாது மேடம்" என்றான் நிவேதன். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "நீங்க இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்கீங்களோ, அதை வச்சு அடுத்தது என்ன சொல்வீங்கன்னு பாக்கும். முன்னாடி அவர் இந்தப் பேச்சை எடுத்தப்பல்லாம் நீங்க..."

"கிண்டல் பண்ணியிருக்கேன். வேண்டாம்னுதான் சொல்லியிருக்கேன். அது சொன்னது அத்தனையும் என் வார்த்தைதான் தம்பி, ஒண்ணுகூடப் பொய் இல்ல. ஆனா அன்னைக்கு நான் மாறியிருந்தேனே. அது ஏன் அதுக்குத் தெரியலை?"

"யார்கிட்டயாவது சொல்லியிருந்தீங்களா மேடம்?"

யாரிடமும் சொல்லவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து மனசு மாறினவள், அதை யாரிடம் போய்ச் சொல்வேன்? முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

பாகீரதி என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு மத்தியானம் அப்பா எனக்கு ஃபோன் பண்ணாங்க" என்றாள். "ஒரு வாரமா என்கிட்டதான் ஒத்திகை பாத்துட்டு இருந்தாங்க, எப்படிக் கேக்கணும்னு. கேட்டுட்டேன்மா, வேண்டாம்னுட்டாங்கன்னாங்க. சிரிச்சிட்டேதான் சொன்னாங்க. தூக்கம் வருது, செத்த படுக்கேன்னு வச்சுட்டாங்க. அதான் கடைசி. நீங்க அழுதுட்டு வீட்டுக்குள்ள வந்தப்ப, நடிக்காதீங்கன்னு உங்களைப் பிடிச்சு வெளிய தள்ளணும்போல இருந்துச்சு."

அவள் தள்ளியிருந்தாலும் நியாயம்தான். அவளுக்குத் தெரிந்த மரகதவல்லி அவள் அப்பாவை வேண்டாம் என்றவள். அவருக்குத் தெரிந்தவளும் அவள்தான். அந்த நினைப்போடுதான் அவர் போய்ப் படுத்திருக்கிறார்.

"என்னை மன்னிச்சிருங்க" என்றாள் பாகீரதி.

"நீ எதுக்கும்மா?" என்றேன்.

நிவேதன் திரையை எங்கள் பக்கம் திருப்பினான். "மேடம், இதையும் உங்ககிட்ட சொல்லணும். நீங்க அன்னைக்குப் பேசினது எதுவும் போகல. லைன் வந்ததும் போயிருக்கணும், நீங்க பலகையை அணைச்சிட்டதால, அப்புறம் லைன் வந்தப்ப அவருக்குப் போகாம எங்ககிட்ட அப்படியே நிக்குது. அதை நாங்க அழிச்சிடலாம். இல்லேன்னா அனுப்பலாம்."

"எங்க அனுப்புவே?"

"தென்காசிக்கு. சார் வீட்டுப் பலகைக்கு. அது இன்னும் ஓடிட்டுதான் இருக்கு."

தென்காசி வீடு பூட்டிக் கிடந்தது. சாவி பாகீரதியின் கைப்பையில் இருந்தது. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "அனுப்புங்க" என்றாள். "கேக்க ஆள் இல்லாட்டியும் பரவாயில்ல. அந்த வீட்டுல அது ஒரு தடவை கேக்கட்டும்."

நிவேதன் விரலை வைத்தான். தென்காசியில், பூட்டிய வீட்டில், காலி நாற்காலிக்கு எதிரே என் குரல் "வந்துரட்டுமா" என்று கேட்டிருக்கும். நாங்கள் மூன்று பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாகீரதி என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்றிருந்தது.

திரை ஓரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது.

"அங்கேர்ந்து பதில் வந்திருக்கு மேடம்" என்றான் நிவேதன், தலையைக் குனிந்துகொண்டு. "ஆள் இல்லேன்னா சாரோட ஒட்டு பேசும். அதை இன்னும் நாங்க எடுக்கல. சாரோட குரல்லதான் இருக்கும். போடட்டுமா?"

"வேண்டாம் தம்பி" என்றேன். "அவர் பதில் எனக்குத் தெரியும். என் பதில்தான் அவருக்குத் தெரியாது."